டீ போடும் காட்சியை வெட்டாதீர்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்குத் தெரிந்த வித்தையே வெட்டுவதுதான். ஐயர் மந்திரம் சொல்லும் அரை மணி நேரத்தை அரை நிமிஷமாக்குவோம். பந்தியில் இலை போடுவதிலிருந்து தாம்பூலப் பை கொடுப்பது வரை ஒரு பாட்டுக்குள் அடங்கிவிடும். வேலூர் பக்கத்துக் குடியாத்தத்தில் பல வருஷமாக இதைச் செய்துதான் பிழைக்கிறேன். ஆனால் தலைக்காயத்துக்குப் பிறகான வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் வந்தால், நான் சொல்வது என் தொழிலுக்கே விரோதமானது: வெட்டாதீர்கள். அந்த மனிதருக்கு ஒரு காரியத்தை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ, அவ்வளவு நேரத்தையும் திரையில் அப்படியே விடுங்கள்.

நாங்களும் அப்படி ஒரு படம் எடுத்தோம். அதில் இருப்பவர் என் அண்ணன். லுங்கி நெய்யும் விசைத்தறியில் வேலை பார்த்தவர். ஒரே ஆளாக நாலு தறியை ஓட்டுவார். எதில் குறுக்கு நூலான ஊடை தீர்ந்தது, எதில் நெடுக்கு நூலான பாவு அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு ராத்திரி கே.வி.குப்பம் பக்கம் பைக்கில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து கீழே விழுந்தார். வேலூரில் ஆபரேஷன் நடந்தது. மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, மூளை வீக்கம் வடியும் வரை வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். எலும்பை வயிற்றில் வைத்த கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்த வயிற்றுத் தழும்பைத்தான் பார்க்கக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அண்ணன் நடந்தார், பேசினார், சாப்பிட்டார். தலைத் தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. "உங்க அண்ணன் நல்லாதான கீறாரு, இன்னா குறை அவருக்கு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். சொன்னால்தான் எழுந்திருப்பார் என்பதால் சோம்பேறி என்றார்கள். நாக்கு லேசாகக் குழறுவதால் பஸ்ஸில் குடிகாரன் என்றார்கள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவதால், விபத்துக்கு அப்புறம் திமிர் ஏறிவிட்டது என்றது சொந்தக்கார வட்டாரம். இத்தனைக்கும் அண்ணி ஒருத்திதான் வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது வேறு ஊரில் நடந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்ததும் இங்கேதான். அவர் முன்னின்று நடத்திய மறுவாழ்வு மையம் 1966-லிருந்து பாகாயத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், ஊன்றுகோல் எதைப் பார்த்தாலும் இந்த வட்டாரத்து ஜனங்கள் தானாக வழிவிடுவார்கள். அடி உள்ளே இருந்து, ஆள் முழுசாக நின்றால் மட்டும் எங்களுக்குப் புரிவதில்லை.

படம் எடுக்க வேண்டும் என்று நாங்கள் திட்டம் போடவில்லை. அண்ணனுக்குப் பயிற்சி கொடுத்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) அம்மா ஒருநாள், "இங்க எல்லாத்தையும் நல்லா செய்றாரு, வீட்ல செய்யலன்னு சொல்றீங்க. வீட்ல எப்படி இருக்கார்னு போன்ல எடுத்துட்டு வாங்க" என்றார். காரணத்தையும் அவரே விளக்கினார். பயிற்சி அறை அமைதியாக இருக்கும், ஒரே ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து "அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த "அடுத்து என்ன" என்பதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் பகுதி மூளையின் முன்பக்கத்தில் இருக்கிறது. தலையில் எந்தப் பக்கம் அடிபட்டாலும், குடத்துக்குள் தயிர் குலுங்குவதுபோல மூளை உள்ளே ஆடி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கரடுமுரடான எலும்பில் போய் உரசும். அதனால்தான் முன்பக்கமும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் அதிகமாகக் கன்றிப்போகின்றன. கை கால் நன்றாக இருக்கும், வேலையும் தெரியும். தொடங்குவதும், ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குப் போவதும்தான் நின்றுபோகும்.

அவர் கேட்டதற்காக எடுத்ததுதான் டீ போடும் காட்சி. ட்ரைபாடில் கேமராவை வைத்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அண்ணன் பாத்திரத்தை எடுக்கிறார், பால் ஊற்றுகிறார், அடுப்பைப் பற்ற வைக்கிறார். அப்புறம் நிற்கிறார். சர்க்கரை டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், மறுபடி டப்பாவைப் பார்க்கிறார். பால் பொங்கி வழியும் வரை அப்படியே நிற்கிறார். நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரே ஷாட். என் எடிட்டர் புத்தி அதை இருபது விநாடியாக்கி, பின்னால் ஒரு புல்லாங்குழலைப் போடத்தான் சொன்னது. அப்படிச் செய்திருந்தால் பார்ப்பவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லி முடித்துக்கொண்டிருப்பார்கள். முழுசாக விட்டதால் என்ன ஆகிறது தெரியுமா? முதலில் யாராவது சிரிப்பார்கள். அப்புறம் நாற்காலிகள் கிரீச்சிடும். ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் வயசான அம்மா ஒருவர் தாங்க முடியாமல் திரையைப் பார்த்துக் கத்தினார்: "சக்கரைய போடு நைனா!"

அந்தக் குரல்தான் படம். அண்ணி காலையிலிருந்து ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் அதுதான் என்று அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விபத்தை எடுக்காதீர்கள். சிசிடிவி காட்சி கிடைத்தாலும் வேண்டாம். படம் தயாராகிறது என்று கேள்விப்பட்டதும் உதவ முன்வந்த ஒருவர், "ஹெல்மெட் விழிப்புணர்வுன்னு போட்டா ஸ்பான்சர் வாங்கித் தர்றேன்" என்றார். ஹெல்மெட் முக்கியம்தான். இருசக்கர வாகன விபத்தில் அது தலைக்காயத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் உயிரிழப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது வேறு படம். ஹெல்மெட்டைக் காட்டிய அடுத்த நிமிஷம் பார்ப்பவர் நீதிபதி ஆகிவிடுவார்: போட்டானா, போடவில்லையா? போடவில்லை என்றால் அனுபவிக்கட்டும். அதற்குப் பிறகு அண்ணியின் கஷ்டம் யார் காதிலும் ஏறாது. வயிற்றில் வைத்த எலும்பையும் இதே காரணத்துக்காக விட்டுவிட்டோம். அந்த ஒரு தகவல் வந்துவிட்டால் கேள்வி நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

இன்னொன்று "மீண்டு வந்தார்" கதை. கண்ணீர், பிசியோதெரபி, கடைசியில் ஓடும் காட்சி, டிரம்ஸ். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர், தன் வீட்டில் இன்னும் எழுந்திருக்காத ஆளைப் பார்த்து, "அவன் வந்தான், நீ ஏன் வரல?" என்று கேட்பார். எங்கள் படத்தில் முன்னேற்றமும் இருக்கிறது, ஆனால் நடந்த அளவுக்குத்தான். சட்டைப் பொத்தானை இப்போது தானே போடுகிறார், அவ்வளவுதான்.

சம்மதம் வாங்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மறதி இருப்பவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்ததாக ஆகாது. நேற்று "சரி" என்றவர் இன்று "இது எதுக்குடா?" என்பார். அதனால் தினமும் கேமராவை ஆன் செய்ததும் முதலில் அதைத்தான் பேசுவோம்: என்ன எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். முந்தின நாள் அவர் சம்மதம் சொன்ன துண்டைப் போட்டுக் காட்டுவேன். வேண்டாம் என்ற நாளில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் தறிக் கணக்கு பேசிக்கொண்டிருப்போம். அண்ணிக்கும் அதே உரிமை உண்டு, ஏனென்றால் படத்தில் பாதி அவர் வாழ்க்கை. எனக்குக் கிடைத்ததிலேயே பலமான காட்சி, அண்ணன் கோபத்தில் தட்டை வீசி எறிந்துவிட்டு அடுத்த நிமிஷம் ஏன் எறிந்தோம் என்று தெரியாமல் முழித்தது. அண்ணி எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அரிசி புடைத்துக்கொண்டே அதை அவரே சொல்கிறார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். சிலருக்கு இந்தக் காட்சியே அதிகம் பிடித்திருக்கிறது. எனக்கு இன்னும் அந்தத் தட்டு மேல் ஆசை விடவில்லை, அது வேறு விஷயம்.

படப்பிடிப்பு நேரத்தை அவர் மூளையின் களைப்புதான் தீர்மானிக்கும். இது உடம்பு வலிக்கிற களைப்பு கிடையாது. பத்து பேர் பேசும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே அண்ணனுக்கு முகம் வெளுத்துவிடும். காலையில் எழுந்து குளித்தபின் ஒரு மணி நேரம், அதற்குள் முடித்துவிட வேண்டும். வேலூர் வெயில் சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது அதுவும் கிடையாது. கல்யாணத்துக்குப் போடும் பெரிய லைட்டுகள் வேண்டவே வேண்டாம், தலைவலி வந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் போதும். ஒலி நன்றாக வர வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்துவது எங்கள் தொழில் வழக்கம், அதையும் விட்டுவிட்டேன். சட்டைக்குள் காலர் மைக் வைத்துவிட்டால் விசிறிச் சத்தம் கொஞ்சம் கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரைப்படத்தால் மட்டும் செய்யக்கூடிய காரியம் இது. நம் மூளை வேண்டாத சத்தத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேண்டியதை முன்னால் கொண்டுவருகிறது. மிக்சி ஓடும்போதும் பக்கத்தில் பேசுகிறவர் சொல்வது கேட்கிறது. பல தலைக்காயக்காரர்களுக்கு இந்தச் சல்லடை கிழிந்துவிடுகிறது. தறிச் சத்தத்திலேயே இழை அறுந்ததைக் கண்டுபிடித்த அண்ணனால் இன்று தறிக் கொட்டகை வாசலில்கூட நிற்க முடியாது. இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும், "பழகின சத்தம்தானே" என்பார்கள்.

எடிட்டிங்கில் ஒரு நிமிஷம் இதற்காக ஒதுக்கினேன். சமையலறை. மிக்சி, குக்கர் விசில், டிவி சீரியல், அடுத்த தெருத் தறி, ஆட்டோ ஹாரன், நடுவே அண்ணி கேட்கும் ஒரு கேள்வி. வழக்கமாகப் பேச்சை ஏற்றி மற்றதைக் குறைப்போம். இங்கே எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தேன். அந்தத் துண்டு முடிந்ததும் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்பேன்: "அண்ணி என்ன கேட்டாங்க?" மாத்திரை போட்டாச்சா என்று கேட்டிருப்பார். சரியாகச் சொன்னவர்கள் குறைவு. "இப்ப நீங்க பதில் சொல்லாததுக்கு உங்க மேல கோபப்பட்டா எப்படி இருக்கும்?" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசுவதில்லை. இந்தத் துண்டு வருவதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். கூட்டத்தில் அடிபட்டவர் யாராவது இருந்தால் எழுந்து வெளியே போக வழி இருக்க வேண்டும்.

படத்தை முதலில் அண்ணனுக்குக் காட்டியபோது தெரபிஸ்ட் அம்மாவையும் கூட உட்கார வைத்துக்கொண்டோம். தனக்கு என்ன குறை என்று அடிபட்டவருக்கே முழுசாகத் தெரியாமல் இருப்பதுண்டு. அதுவும் காயத்தின் ஒரு பகுதி. தெரிய வரும்போது மனசு உடைந்துபோகும் ஆபத்து உண்டு என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். அதனால் சிறு சிறு துண்டாக, நடுவில் விட்டு விட்டுக் காட்டினோம். டீ காட்சியைப் பார்த்துவிட்டு, "நான் இவ்ளோ நேரமா நிக்கிறேன்?" என்று கேட்டார். பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை அவரே, "அந்த டப்பால எண் எழுதி ஒட்டு" என்றார். ஒன்று பால், இரண்டு சர்க்கரை, மூன்று தூள். இன்றும் ஒட்டியிருக்கிறது. எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் தெரிந்த ஆள் இல்லாமல் காட்டாதீர்கள்.

திரையிடலுக்குப் பெரிய மண்டபம் வேண்டாம். முப்பது பேருக்கு மேல் போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆட்டோ ஸ்டாண்டு, மகளிர் சுயஉதவிக் குழு, பீடி சுற்றும் பெண்கள் கூடும் வீட்டுத் திண்ணை, தறி முதலாளிகள் சங்கக் கட்டிடம், பள்ளிக்கூடம் என்று போனோம். அதிகக் கேள்வி கேட்பது பெண்கள்தான், ஏனென்றால் கவனித்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே போனாலும் வரும் கேள்வி: "எப்ப சரியாவும்?" முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், வருஷங்கள் கழித்தும் சின்னச் சின்னதாக வரும், பழைய ஆள் அப்படியே திரும்புவார் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்வேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்க, ஆனா என் பையன் மாறிட்டான்" என்று ஒரு தாய் அழுதார். மூளை நரம்பு இழைகள் இழுபட்டு அறுந்திருந்தால் சிடி ஸ்கேனில் தெரியாமலே போகலாம், மறுபடி நரம்பியல் டாக்டரிடம் போய் மறதி, கோபம், தூக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள் என்றோம்.

சிரிப்பை என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. ஒரு விருந்தில் அண்ணன் உரக்க, "பிரியாணில உப்பே இல்ல, காசு கொடுத்தா வாங்கினீங்க?" என்று கேட்கும் காட்சி படத்தில் இருக்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். அவர் சிரிப்பதால்தான் வைத்திருக்கிறேன். இதே மாதிரி, ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை எடுக்கப்பட்டிருந்தது. அதுவும் அதே காயத்தின் விளைவுதான், ஆனால் அதை அழித்துவிட்டேன். அந்தப் பெண் படம் பார்க்கும் கூட்டத்தில் உட்கார வேண்டியவர் இல்லையா.

ஒருமுறை படம் முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்தார். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலில் பொருத்துவார்கள். பரசுராமன் வெட்டிய ரேணுகாவின் தலை வேறொருத்தி உடம்பில் சேர்ந்த கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். "தலை ஒருத்தி, உடம்பு ஒருத்தி. அவளத்தான கும்பிடறோம். இவன் மாறிட்டான்னு இன்னாத்துக்கு மூஞ்சத் திருப்பிக்கிறீங்க?" என்றார். எந்தத் தெரபிஸ்ட் சொன்னதைவிடவும் அது அந்தத் தெருவில் வேலை செய்தது. அதே திருவிழாவின் மேளச் சத்தத்தில் அண்ணனால் வெளியே வர முடியாது என்பதையும் அவரிடமே சொன்னோம். அடுத்த வருஷம் எங்கள் வீட்டெதிரே ஸ்பீக்கர் கட்டவில்லை.

மாறியதும் உண்டு, மாறாததும் உண்டு. தறி முதலாளி ஒருவர் படம் பார்த்துவிட்டு, லுங்கி மடித்து சீல் ஒட்டும் அறையில் காலை நேரம் மட்டும் வேலை கொடுத்திருக்கிறார். கதவைச் சாத்தினால் தறிச் சத்தம் குறையும். செய்ய வேண்டியதை வரிசையாகச் சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறார். பஸ்ஸுக்காகச் சட்டைப் பையில் ஒரு அட்டை: "தலையில் அடிபட்டவன், குடிக்கவில்லை, மெதுவாகப் பேசுங்கள்", கீழே அண்ணி நம்பர். சித்தப்பா இரண்டு முறை படம் பார்த்தும் "வேலைக்குப் போனா எல்லாம் சரியாவும்" என்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இழுத்துக்கொண்டே போகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, மூளைக் காயத்துக்கென்று தனி வரி கிடையாது. கை கால் குறையையோ பேச்சையோ அறிவுத்திறனையோ வைத்துத்தான் அளக்க வேண்டும். நடந்து போய் நிற்பவரை எந்த வரியில் போடுவது என்ற குழப்பம் மேசைக்கு மேசை தொடர்கிறது. போகும்போது டீ காட்சியை இப்போது போனில் வைத்துக்கொண்டு போகிறோம்.

படத்தை யூடியூபில் போடவில்லை. அண்ணன் மறுபடி "வேண்டாம்" என்றால் திரும்ப எடுக்க முடியாத இடத்துக்கு அதை அனுப்பக் கூடாது என்பதில் அண்ணி உறுதி. பென்டிரைவில் நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டு எடுத்து வருகிறேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார்கள், ஷிப்ட் முடிந்து மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அண்ணனால் முடியாது. காலை பத்து மணி என்றால் அவரும் வந்து கேள்விக்குப் பதில் சொல்வார் என்று சொல்லியிருக்கிறேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.